பிரிவுக் கன்னி

இப்படி நெழலுக்கு வாங்க அம்மிணி. அங்க நின்னா லாரிக்காரன் புழுதிய வாரி மூஞ்சில அடிச்சுட்டுப் போவான். ஸ்கூட்டிய அந்தக் கல்லோரமா நிறுத்துங்க. ஆமா, அங்கதான். இது வெள்வேல மரம். நெழல் கம்மிதான், ஆனா இந்தப் பிரிவுல வேற நெழல் கெடையாது. உக்காருங்க. எறும்பு இருக்கும், பார்த்து உக்காருங்க.

ரோடு ஆபீசுல இருந்து வர்றதாச் சொன்னீங்க. கூட்டத்துல ஊர்க்காரங்க எல்லாரும் கருத்துச் சொன்னாங்க, நான் மட்டும் பாதியில எந்திரிச்சுப் போயிட்டேன், அதனால சென்னியப்பன் கருத்தையும் கேட்டுட்டு வான்னு அனுப்பியிருக்காங்க. சரிங்க. சொல்றேன். ஆனா நான் கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் சொல்லுவேன். அவசரம்னா வேற யாரையாச்சும் கேட்டுக்குங்க. அவசரம் இல்லையே? நல்லது.

மொதல்ல இந்தப் பேரு. உங்க நோட்டீசுல 'ஊசிக்கரடு சந்திப்பு'ன்னு போட்டிருந்துச்சு. சாமியப்பன், அதோ அந்தப் பொட்டிக்கடைக்காரன், சத்தமாப் படிச்சான். எனக்கு ஒண்ணும் வெளங்கலை. எங்க பக்கம் மெயின் ரோட்டுல இருந்து ஊருக்கு ரோடு பிரியற எடத்துக்குப் பிரிவுன்னுதான் பேரு. பஸ்ஸுல ஏறுனா ஊசிக்கரட்டுப் பிரிவு ஒண்ணு குடுங்கன்னுதான் கேப்போம். அதைக் கூட்டத்துல சொன்னேன். உங்க இஞ்சினியர் சிரிச்சுட்டு, "பெரியவரே, ரெண்டும் ஒண்ணுதான். வர்றவனுக்குச் சந்திப்பு, போறவனுக்குப் பிரிவு"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நல்ல மனுசன்தான். எனக்குச் சிரிப்பு வரலை.

எடத்தை நீங்களே பாருங்க. மெயின் ரோடு தெக்க இருந்து வடக்க போகுது. நம்மூர் ரோடு கெழக்க இருந்து வந்து அதுல முட்டுது. முட்டற எடத்துக்கு நேர் எதிர்ல, மேக்கால ஓரத்துல, வாணி. ஊருக்குள்ள இருந்து எவன் வந்தாலும் அவன் கண்ணுக்கு நேரா அவதான் நிப்பா.

வாணி எம் புள்ளை. கோகிலவாணின்னு பேரு. பனியன் கம்பெனிக்குப் போயிட்டிருந்தா. கம்பெனி வேன் வெடியால வந்து இங்க ஏத்திக்கும், பொழுதோட கொண்டாந்து இங்கயே எறக்கி விடும். கல்யாணம் பேசி முடிச்சிருந்தோம். மாப்பிள்ளை காங்கயத்துப் பக்கம். தை மாசம்னு வெச்சிருந்தோம்.

அன்னைக்கு வேன் இவளை எறக்கி விட்டுட்டுக் கெளம்பிருச்சு. இவ வேனுக்குப் பின்னால ரோட்டைக் கடந்தா. எதிர்ல ஒரு காரு. வேன் மறைச்சதுல காரும் இவளைப் பார்க்கலை, இவளும் காரைப் பார்க்கலை. கார்க்காரன் நிக்கலை. வேனுக்குத் தெரியவே தெரியாது, அது பாட்டுக்குப் போயிருச்சு.

நான் மாட்டைப் புடிச்சுக் கட்டிட்டு, புள்ளை இன்னும் வரலையேன்னு நடந்து வந்தேன். பாவாத்தா, அதாவது வாணிக்கு அம்மா, எனக்குப் பின்னால வந்தா. தூரத்துல இருந்து பார்த்தா ரோட்டுல ஏதோ துணி கெடக்கற மாதிரி இருந்துச்சு. வண்டியெல்லாம் அதை ஒதுங்கிப் போகுது. அதைத்தான் அம்மிணி நான் சொல்ல வந்தேன். ஒதுங்கிப் போகுது. பஸ்ஸு ஒதுங்குது, லாரி ஒதுங்குது, மோட்டார் பைக்கு ஒதுங்குது. ஒரு தலை திரும்பலை. நான் ஓடி வர்ற வரைக்கும் ஒருத்தன் தலையத் திருப்பலை. புள்ளை கண்ணைத் தொறந்துட்டுக் கெடக்கறா. அவ எல்லாரையும் பார்க்கறா. அவளை ஒருத்தரும் பார்க்கலை.

தண்ணி குடிக்கறீங்களா? இருக்குது. வேண்டாமா. சரி.

கல்யாணம் ஆகாமப் போன புள்ளை கன்னி. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஊட்டுல ஒரு மூலையில வெளக்கு ஏத்தி, பாவாடை, வளையல், சீப்பு, கண்ணாடி எல்லாம் வெச்சுக் கும்புடுவாங்க. பாவாத்தாளும் அப்படி ஊட்டுலயே வெச்சுக்கலாம்னுதான் சொன்னா. நான்தான் கேக்கலை. புள்ளை நிக்கறது இங்க. ஊட்டுல வெளக்கு ஏத்துனா அவ எப்படி வருவா? ரோட்டைக் கடக்கணுமே. அவ கடந்து முடிக்கலையே.

அதனால இந்தப் பக்கமே மேடை கட்டுனேன். மொதல்ல ஒரு கல்லுதான். அப்பறம் செலை செய்யறவன்கிட்ட கம்பெனி அட்டையில இருந்த போட்டோவைக் குடுத்தேன். கண்ணை மட்டும் கொஞ்சம் பெருசா வைக்கச் சொன்னேன். எவ்வளவு பெருசுன்னான். ரோட்டுல போறவனுக்குத் தெரியற அளவுக்குன்னேன். அவன் நல்லாத்தான் செஞ்சான். மூக்கு வாணி மூக்கு இல்லை, அது வேற யாரோ மூக்கு. ஆனா கண்ணு அவ கண்ணுதான். ஒரு லாரி டிரைவர் வேண்டுதலுக்கு வெள்ளியில கண்ணு வாங்கிச் சாத்துனாரு. வெயில் பட்டா அங்க பாலத்துக்கிட்ட வரும்போதே மின்னும்.

பாவாத்தா அன்னைக்கு இருந்து இந்தப் பிரிவுக்கு வர்றதில்லை. எங்க போறதுன்னாலும் காட்டு வழியா நடந்து அடுத்த ஸ்டாப்புல போய் ஏறுவா. முள்ளு, பாம்பு, ஒண்ணும் கணக்கில்லை. "புள்ளை போயிட்டா, எங்கயும் நிக்கலை, நீங்கதான் புடிச்சு நிறுத்தி வெச்சிருக்கீங்க"ம்பா. பொம்பளைக மனசு ஒரு மாதிரிதான். நீங்க தப்பா நெனைக்காதீங்க.

பொறவு என்ன ஆச்சுன்னா, டிரைவருங்க கும்புட ஆரம்பிச்சாங்க. நான் யாரையும் கேக்கலை. சாமி சத்தியமா நான் கேக்கலை. ஒருத்தன் பார்த்துக் கும்புட்டான். பின்னால வந்தவன் இவன் எதுக்குக் கும்புடறான்னு திரும்பிப் பார்த்தான், அவனும் கும்புட்டான். அப்படியே பரவிருச்சு. இந்த லைன்ல ஓடற அத்தனை டிரைவருக்கும் பிரிவுக் கன்னியத் தெரியும். ஸ்டியரிங்ல இருந்து கையை எடுத்து நெத்திக்குக் கொண்டு போவான், நெஞ்சுக்குக் கொண்டு வருவான், வெரலை முத்திக்குவான். வண்டி போற வேகத்துல அவ கடந்து போயிருவா. அதனால தலையத் திருப்பி, இன்னும் திருப்பி, பின்னால பார்த்துக் கும்புடறவனும் உண்டு. என்ன வேகத்துல போனாலும் கும்புடாமப் போறதில்லை. நான் இந்த மரத்தடியில உக்காந்து பார்த்துட்டே இருப்பேன். ஒவ்வொரு தலையாத் திரும்பும். எனக்கு அது போதும். சோறு தண்ணி வேண்டாம்.

ஊர்க்காரங்களும் அப்படித்தான். ஊர் ரோட்டுல இருந்து வண்டியில வருவாங்க, அந்த வளைவு திரும்புனதும் நேரா வாணி தெரிவா. அவளையே பார்த்துட்டு வந்து, கும்புட்டுட்டு, அப்படியே மெயின் ரோட்டுல ஏறுவாங்க. அக்கம் பக்கம் பார்க்கறதெல்லாம் கெடையாது. அவ்வளவு நம்பிக்கை.

நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே. ஒண்ணும் இல்லையா. சரி.

உங்க ஆபீசும் அவளுக்குச் செஞ்சிருக்குதுங்க. மறந்துட்டேன் பாருங்க. அந்தக் குண்டுக் கண்ணாடி. பெருசா, வட்டமா, கம்பத்துல நட்டு வெச்சிருக்காங்களே, அதுதான். ஊர் ரோட்டுல வர்றவனுக்கு மெயின் ரோட்டுல என்ன வருதுன்னு தெரியறதுக்காம். நட்டுட்டுப் போன அன்னைக்கே நம்ம பொம்பளைங்க வந்துட்டாங்க. கன்னிக்குக் கண்ணாடி வெக்கறது வழக்கம்தானே. சர்க்காரே வெச்சுக் குடுத்துருச்சுன்னு அவ்வளவு சந்தோசம். மஞ்சளைக் குழைச்சுப் பூசி, சந்தனம் தீத்தி, குங்குமப் பொட்டு வெச்சு, நல்ல அலங்காரம். ஆடி வெள்ளிக்கு வெள்ளி இன்னும் ஏறும். இப்பப் பார்த்தீங்கன்னா நடுவுல கொஞ்சூண்டு எடம்தான் மிச்சம். அந்த இஞ்சினியர் ஒரு தடவை வந்து துணியால தொடைச்சாரு. ஆளுங்க சண்டைக்குப் போயிட்டாங்க. நான்தான் தடுத்து அனுப்புனேன்.

இந்தப் பிரிவுல அடிபடறது சாஸ்தியாயிருச்சுன்னுதானே ரோட்டை மாத்தறீங்க. அடிபடறாங்க, இல்லைன்னு நான் சொல்லலை. வாணிக்கு முன்னாலயும் எப்பவாச்சும் ஒண்ணு நடக்கும். வாணிக்குப் பொறவு கொஞ்சம் கூடிருச்சு. வண்டி கூடிருச்சுல்லங்க. எல்லா ஊட்டுலயும் வண்டி.

ஆனா ஊர்ல என்ன பேச்சுத் தெரியுங்களா? வாணி துணைக்கு ஆள் கூப்புடறாளாம். கல்யாணம் ஆகாமப் போனதால ஏக்கமாம். ஏரிக்காட்டுப் பையன் போனப்பவும் இதைத்தான் சொன்னாங்க, பால்காரர் போனப்பவும் இதைத்தான் சொன்னாங்க. என் காதுபடச் சொல்ல மாட்டாங்க. நான் வந்தா மழையப் பத்திப் பேசுவாங்க. அம்மிணி, வாணிக்கு ஒரு கோழி அறுக்கறதைப் பார்க்க ஆகாது. கொட்டாய்ல போய்க் காதைப் பொத்திட்டு நிப்பா. அவளா கூப்புடுவா?

நான் யோசிச்சுப் பார்த்தேன். நாளெல்லாம் இங்க உக்காந்து அதைத்தான் யோசிச்சேன். அப்பறம்தான் வெளங்குச்சு. அடிபட்டவங்க அத்தனை பேரும் அன்னைக்குக் கும்புடாமப் போனவங்க. வேற ஒண்ணும் இல்லை. இதை நாலு பேருகிட்டச் சொன்னேன். சொன்ன பொறவு ஊர்ல இன்னும் பயபக்தி வந்துச்சு. முன்னெல்லாம் ஒரு கையத் தூக்குனவன் அப்பறம் ரெண்டு கையையும் எடுத்துக் கும்புட்டான். மொபெட்டுல போறவன்கூட.

நானா? நான் கும்புடறதில்லைங்க. பெத்தவன் புள்ளையக் கும்புடலாமா? அது முறையில்ல. நான் அவ பக்கம் திரும்பாம, ரோட்டை ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் கடப்பேன். இத்தனை வருசமா வெடியாலயும் பொழுதோடயும் கடக்கறேன். ஒரு கீறல் கெடையாது. பெத்தவனை அவ காப்பாத்தறா. வேற என்ன சொல்றது.

கூட்டத்தைச் சொல்றேன். பள்ளிக்கூடத்து வராண்டாவுல வெச்சாங்க. இஞ்சினியர் படத்தை விரிச்சு, ஒவ்வொருத்தரா கருத்துச் சொல்லுங்கன்னாரு. சாமியப்பன்தான் மொதல்ல எந்திரிச்சான். வேகத்தடை வேணும்னான். எங்கன்னாரு. என் கடைக்கு நேரான்னான். "அப்பத்தான் வண்டி நின்னு போகும் சார், ஒரு டீயாச்சும் குடிப்பான்"னு பின்னால இருந்து எவனோ எடுத்துக் குடுத்தான். ஒரே சிரிப்பு. கெழக்கால மேய்ச்சலுக்குக் கொறங்காடு வெச்சிருக்காரே, அவர் ரோட்டை எவ்வளவு வேணும்னாலும் அகலப்படுத்துங்க, ஆனா மேக்கால பக்கமா அகலப்படுத்துங்கன்னாரு. மேக்காலக் காட்டுக்காரர் மெட்ராஸ்ல இருக்கார், கேக்க மாட்டார்னு தைரியம். ஒரு பொண்ணு பஸ்ஸுக்கு நிக்க ஒரு கூரையும் ஒதுங்க ஒரு எடமும் வேணும்னுச்சு. அதை ஒருத்தரும் காதுல வாங்கலை.

அப்பறம் ருக்குமணி எந்திரிச்சா.

ருக்குமணியோட ஊட்டுக்காரன் திருமூர்த்தி. போன ஐப்பசியில இந்தப் பிரிவுலதான் போனான். பஸ்ஸு. இவளுக்கு இடுப்புல அடி, அதுல இருந்து காலைச் சாய்ச்சுத்தான் நடக்கறா. செவுத்தைப் புடிச்சுட்டு நின்னா. "சார், நான் ஒண்ணு சொல்லணும்"னா. சொல்லும்மான்னாரு.

"எங்க ஊட்டுக்காரர் அன்னைக்குக் கும்புடலை, அதனாலதான் போனார்னு சென்னியப்ப மாமா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காரு. நான் பின்னால உக்காந்திருந்தேன் சார். வளைவு திரும்புனதும் வண்டிய மெதுவாக்குனாரு. வலது கையை எடுத்து நெத்தியில வெச்சாரு. கண்ணை மூடுனாரு. நானும் அவளைத்தான் பார்த்துட்டிருந்தேன். ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் ரோட்டைப் பார்த்திருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னா. உக்காந்துட்டா. அழுகையெல்லாம் இல்லை. சாமியப்பன் கீழ பார்த்துட்டு வெரல்ல நகத்தைக் கிள்ளிட்டிருந்தான்.

புருசனைப் பறிகுடுத்தவ. அவ வாயில வந்ததைப் பேசுவா. கூட்டத்துல அவளோட வாதாட வேண்டாம்னு விட்டுட்டேன். ஆனா உங்ககிட்டச் சொல்றேன், அவன் முழு மனசோட கும்புட்டிருக்க மாட்டான். கையத் தூக்குனாப் போதுமா? மனசு எங்கயோ இருந்திருக்கும். அது இவளுக்கு எப்படித் தெரியும், பின்னால உக்காந்திருந்தவளுக்கு?

அப்பத்தான் உங்க இஞ்சினியர் அந்த யோசனையச் சொன்னாரு. ஊர் ரோட்டை வளைச்சு, கொஞ்சம் தள்ளி அக்கட்டால கொண்டு போய் மெயின் ரோட்டுல சேர்த்தப் போறாங்களாம். ஆனா அதுக்கு இன்னும் காலம் ஆகும். அது வரைக்கும் இப்பவே ஒண்ணு செய்யலாம். கோயிலை இடிக்க வேண்டாம், நகத்தவும் வேண்டாம், சாமிய மட்டும் அப்படியே திருப்பி வெச்சிரலாம். முதுகு ரோட்டுக்கு, மூஞ்சி மேக்காலக் காட்டுக்கு. ரோட்டுப் பக்கம் ஒரு செவுரு. கும்புடறவங்க வண்டிய நிறுத்திட்டு, எறங்கிப் போய்ப் பின்னால நின்னு கும்புடட்டும்னாரு.

ஊரே நல்ல யோசனைன்னுருச்சு. அத்தனை பேரும். வாணிக்கு வளையல் போட்டவங்க, சேலை சாத்துனவங்க, எல்லாரும். ஆனா தொடறதுக்கு ஒருத்தனுக்கும் தைரியம் இல்லை. கான்ட்ராக்ட் ஆளுங்க கடப்பாரையத் தூக்க மாட்டேன்னுட்டாங்க. வெச்சவர் வாயால திருப்புன்னு சொன்னாத்தான் திருப்புவோம்னுட்டாங்க. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

திருப்பி வெச்சா என்னன்னு கேப்பீங்க. அந்தக் காட்டுல என்ன இருக்குது? கிளுவை வேலி. நாலு செம்மறி. அவ காலம் பூரா வேலியப் பார்த்துட்டு நிக்கணுமா? பின்னால வண்டியெல்லாம் போகும். ஒதுங்கி ஒதுங்கிப் போகும். ஒருத்தன் தலையத் திருப்ப மாட்டான்.

இருங்க, இன்னும் முடிக்கலை. நீங்க எழுதறதை நிறுத்திட்டீங்க.

கூட்டம் முடிஞ்ச கையோட எனக்குக் காய்ச்சல் வந்துருச்சு. இந்த மூட்டுக்கு மூட்டு புடிச்சுக்கற காய்ச்சல், ஊர் பூராவும் வந்துச்சு பாருங்க. படுத்தா எந்திரிக்க முடியலை, எந்திரிச்சா நிக்க முடியலை. பாவாத்தாதான் கஞ்சி ஊத்துனா. புள்ளைக்கு வெளக்கு ஏத்த ஆளில்லையேன்னு பொலம்பிட்டே கெடந்தேன். "நான் பார்த்துக்கறேன், கண்ணை மூடிப் படுங்க"ன்னா. எனக்கு ஆச்சரியம். இத்தனை வருசத்துல இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவ. சரி, மனசு எறங்கிருச்சாட்டம் இருக்குதுன்னு நெனைச்சேன்.

காய்ச்சல் விட்ட பொறவு கோலை ஊனிட்டு வந்தேன். வந்து பார்த்தா வாணி தெரியலை. அவளுக்கு முன்னால ஒரு சேலையக் கட்டி விட்டிருக்குது. ரெண்டு பக்கத் தூணுக்கும் சேர்த்து, மேல இருந்து கீழ வரைக்கும். கோயில்ல அலங்காரம் பண்றப்பத் திரை போடுவாங்களே, அந்த மாதிரி.

ருக்குமணி வேலைதான்னு நெனைச்சேன். நல்லாத் திட்டணும்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. சாமியப்பன் கடையில இருந்து எறங்கி வந்தான்.

"சென்னியப்பண்ணா, ஒடம்பு தேவலையா?"

"யாரு கட்டுனது இதை?"

அவன் ரோட்டைக் காட்டுனான். "நீங்க படுத்ததுல இருந்து இங்க வண்டி மோதற சத்தமே இல்லைங்ணா. நேத்துக்கூட கம்பெனி வேன் வருது, இந்தப் பக்கம் பாலை எடுத்துட்டு நம்ம ஆறுச்சாமி மொபெட்டுல நேரா ஏறிட்டான். போச்சுன்னு நெனைச்சேன். வேன்காரன் பார்த்துட்டான். பார்த்து பிரேக் போட்டு நின்னுட்டான். ஆறுச்சாமி கேனு மட்டும் சாஞ்சுது"ன்னான்.

பாருங்க அம்மிணி. திரைக்குள்ள இருந்துக்கிட்டே காப்பாத்தியிருக்கா. மூடி வெச்சவங்களையும் காப்பாத்தறா. அதைச் சொன்னேன். சாமியப்பன் பால் பொங்குதுன்னு போயிட்டான்.

நான் இந்த மரத்தடியில உக்காந்தேன். கொஞ்ச நேரம் பார்க்கலாம்னு. ஒரு லாரி வந்துச்சு. டிரைவர் நேரா ரோட்டைப் பார்த்துட்டுப் போனான். பஸ்ஸு வந்துச்சு. நேராப் போச்சு. வாணிக்குக் கண்ணு வாங்கிச் சாத்துனாரே, அவர் லாரி வந்துச்சு. பழக்கதோசத்துல இந்தப் பக்கம் திரும்புனாரு, சேலையப் பார்த்தாரு, முன்னால திரும்பிக்கிட்டாரு. அவ்வளவுதான். வரிசையா வருது, வரிசையாப் போகுது. ஒரு தலை திரும்பலை. துண்டை இழுத்துப் போத்திக்கிட்டேன். காய்ச்சல் திரும்ப வந்துருச்சுன்னு நெனைச்சேன். காய்ச்சல் இல்லை. அன்னைக்கு இருந்த மாதிரியே இருந்துச்சு, அதுதான்.

எந்திரிச்சுப் போய்ச் சேலையப் புடிச்சேன். புடிச்ச பொறவுதான் தெரிஞ்சுது. பச்சையில சின்னக் கட்டம் போட்ட நூல் சேலை. அடுப்பு மேடையில இருந்து பொறி பட்டு ஒரு ஓட்டை. நான் தெனமும் பார்க்கற சேலை. அந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் வாணி கண்ணு தெரியுது. ஒத்தைக் கண்ணு.

அவுத்துச் சுருட்டிக்கிட்டு ஊட்டுக்குப் போனேன். பாவாத்தா வாசல்ல மொளகாய் காயப் போட்டுட்டிருந்தா. சேலைய அவ முன்னால போட்டேன்.

"இது உன்னுதா?"

"என்னுதுதான்."

"அவ மூஞ்சிய எதுக்கு மூடுனே?"

மொளகாயைக் கெளறிட்டே சொன்னா. "செத்தவங்களுக்கு மொதல்ல மூஞ்சியத்தான மூடுவாங்க. அன்னைக்கு நான் முந்தானைய எடுத்தேன். நீங்க தட்டி விட்டீங்க. புள்ளை மூச்சு விடறாடின்னீங்க. இப்ப மூடியிருக்கேன்."

"அவ ரோட்டைப் பார்த்துட்டு நிக்கறவடி."

"பார்த்தது போதுங்க"ன்னா. "எத்தனை பேரை அவ பார்க்கணும்? திருமூர்த்தி விழுந்ததையும் பார்த்துட்டுத்தான நின்னா. ஏரிக்காட்டுப் பையனையும் பார்த்துட்டுத்தான நின்னா. கோழி அறுக்கறதையே பார்க்க மாட்டாத புள்ளைங்க அது."

சேலைய அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். ஆனா அம்மிணி, புள்ளை அன்னைக்கு மூச்சு விட்டுட்டுத்தான் இருந்தா. பாவாத்தாளுக்குத் தெரியாது. நான்தான் மடியில வெச்சிருந்தேன். கண்ணு தொறந்தேதான் இருந்துச்சு, என்னைத்தான் பார்த்துட்டிருந்தா. ஆஸ்பத்திரியில அவங்க ஏதோ சொன்னாங்க, எப்பவோ போயிருச்சு, எடுத்துட்டு வந்ததே வீண்னு. அவங்களுக்கென்ன தெரியும்.

அது முந்தாநேத்து. நேத்து வந்தேன், கட்டியிருந்துச்சு. அவுத்தேன். இன்னைக்கு வந்தேன், இதோ பாருங்க, நீங்க வந்ததுல இருந்து பார்த்துட்டுத்தான இருக்கீங்க, மறுபடியும் கட்டியிருக்கா. எப்ப வர்றான்னே தெரியலை. நான் எந்திரிக்கறதுக்கு முன்னால காட்டு வழியா வந்து கட்டிட்டுப் போயிர்றா. ஒரு சண்டை இல்லை, ஒரு பேச்சில்லை. கஞ்சி ஊத்திக் குடுக்கறா, நான் குடிக்கறேன். அவ கட்டறா, நான் அவுக்கறேன். ருக்குமணியும் கூட வர்றாளாம், சாமியப்பன் சொல்றான். ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையப் புடிச்சுக் கட்டறாங்களாம். எனக்கு நம்பிக்கை இல்லை.

சரி, உங்க வேலைக்கு வர்றேன். திருப்பி வைக்கலாமா வேண்டாமான்னுதான கேட்டீங்க. வேண்டாம்னு எழுதிக்குங்க. ரோட்டை வளைங்க, நிமுத்துங்க, அகலம் பண்ணுங்க, நான் ஒண்ணும் சொல்லலை. புதுசா ரோடு எங்க வந்து சேருதோ, அங்க நேர் எதிர்ல ஒரு மேடைக்கு எடம் விட்டுருங்க. எல்லாக் கண்ணுக்கும் படற மாதிரி. அவ்வளவுதான் என் கருத்து. எழுதிட்டீங்களா? எழுதலையே.

கெளம்பறீங்களா? அதுக்கு முன்னால ஒரு ஒத்தாசை பண்ணோணும். இப்படி மேடைக்கிட்ட வந்து இந்தச் சேலை முடிச்சைக் கொஞ்சம் அவுத்து விடுங்க. இன்னைக்கு இறுக்கமாப் போட்டிருக்கா. காய்ச்சலுக்குப் பொறவு என் வெரல் மடங்க மாட்டேங்குது, வெடியால இருந்து போராடறேன். உங்களுக்குச் சின்ன வெரல், நகம் இருக்குது. அறுக்க எனக்கு மனசில்லை, அவளுக்கு இருக்கறதே ரெண்டு மூணு நல்ல சேலை. அந்தப் பக்க முடிச்சுதான். மொதல்ல கீழ் முனைய உள்ள தள்ளுங்க. அப்படித்தான். வந்துருச்சு, இன்னும் கொஞ்சம்.

ஏனுங்க, நின்னுட்டீங்க? தெக்க இருந்து பஸ்ஸு வருது, ஆமா, வரட்டும். ஊர்ல இருந்து யாரோ வண்டியில வர்றாங்க, புள்ளையப் பின்னால வெச்சுக்கிட்டு, அது யாரோ வரட்டும். அவுங்க பாட்டுக்குப் பார்த்துப் போவாங்க. நீங்க முடிச்சை அவுத்து விடுங்க. அம்மிணி, ரோட்டை எதுக்குப் பார்க்கறீங்க. இங்க பாருங்க. இவளைப் பாருங்க.